பதிமூன்றும் எட்டும்

இந்திய விதைச் சான்றளிப்புத் தரத்தைப் புரட்டினால், நெல் விதையின் ஈரப்பதத்துக்கு இரண்டு வரம்புகள் எழுதியிருக்கும். சாக்கிலோ துணிப்பையிலோ அடைப்பதானால் 13 சதவீதம் வரை இருக்கலாம். நீராவி புகாத பையில் அடைப்பதானால் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நிலக்கடலைக்கு இதே வரிசையில் 9, 5. வெங்காய விதைக்கு 8, 6. உளுந்துக்கு 9, 8. முதல் பார்வைக்கு இது தலைகீழாகத் தெரியும். மழைக்காற்று தாராளமாக உள்ளே போய்வரும் சாக்குக்குத்தானே விதையை நன்றாகக் காயவைக்க வேண்டும்? எதுவும் புகாத பைக்குள் போகிற விதையில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் என்ன? இப்படி நினைப்பது இயல்பு. நல்ல விதையை நல்ல பையில் போட்டு வைத்தும் நாற்றங்காலில் பாதி முளைக்காமல் போவதற்குப் பல நேரம் இந்த நினைப்பே காரணம். பை விதையைக் காப்பாற்றுகிறது என்று சொல்வது பாதி உண்மைதான். உள்ளே போகும்போது விதை எந்த நிலையில் இருந்ததோ, அந்த நிலையைத்தான் பை காப்பாற்றுகிறது. ஈரத்தோடு போனால் அந்த ஈரத்துக்கும் அதே பாதுகாப்பு கிடைக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது விளங்கும். 13 சதவீத ஈரத்தில் இருக்கும் 10 கிலோ நெல்லுக்குள் 1300 கிராம் தண்ணீர் இருக்கிறது. அதை ஒரு பாலித்தீன் பையில் கொட்டி வாயை ஒட்டினால், மணிகளுக்கு இடையே எட்டு ஒன்பது லிட்டர் காற்று அடைபடும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் காற்று அதிகபட்சம் 0.03 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஆக அந்தப் பையின் காற்று முழுவதும் சேர்ந்தாலும் சுமந்துகொள்ளக்கூடிய நீர் கால் கிராம். ஒரு பக்கம் 1300 கிராம், மறுபக்கம் கால் கிராம். மூடிய பைக்குள் காற்று எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும் என்பதை விதைதான் முடிவு செய்கிறது. சாக்கில் நடப்பது இதற்கு நேர்மாறு. வெளிக்காற்றுக்கு எல்லை இல்லை, அதனால் அங்கே விதையின் ஈரத்தை வானம் முடிவு செய்கிறது. சித்திரை வெயிலில் சாக்கு நெல் தானாகவே இன்னும் கொஞ்சம் காயும், ஐப்பசி மழையில் தானாகவே நமுத்துப் போகும். தரநிர்ணயம் செய்தவர்கள் சாக்குக்கு 13 என்று விட்டது தாராள மனத்தால் அல்ல. சாக்கில் இருக்கும் நெல்லை அதற்குக் கீழே காயவைத்தாலும் அடுத்த மழைக்கு அது மேலே ஏறிவிடும் என்பதால்தான்.

எவ்வளவு ஏறும் என்பதற்கு அளவு உண்டு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 45 சதவீதமாக இருக்கும் இடத்தில் நெல்லைப் பல நாள் திறந்து வைத்தால் அதன் ஈரம் பத்தரை சதவீதத்துக்குப் பக்கத்தில் நிலைக்கும். காற்றில் 60 என்றால் நெல்லில் பன்னிரண்டரை. காற்றில் 75 என்றால் நெல்லில் பதினாலு, பதினாலரை. காற்று 90ஐத் தொட்டால் நெல் 18க்குப் போய்விடும், அந்த நிலையில் குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரியும். இந்த 75 என்ற எண்ணைச் சமையலறை உப்பே காட்டிக் கொடுக்கும். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு கைப்பிடி தானியத்தையும் இரண்டு சிட்டிகை காய்ந்த உப்பையும் போட்டு மூடி, குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டிலின் உள்சுவரில் ஒட்டினால், தானியத்தைச் சுற்றியுள்ள காற்று அந்த எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். தானியத்தின் ஈரம் 15 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. ஆனால் உப்பு ஒட்டவில்லை என்றவுடன் விதையைப் பையில் போட்டு ஒட்டிவிடக் கூடாது. அது சோற்றுக்கான நெல்லைச் சேமிக்கலாம் என்பதற்கான சோதனை. விதை நெல்லுக்கு 8 சதவீதம் என்றால், அதைச் சூழ்ந்த காற்று 30 சதவீதத்துக்கும் கீழே காய்ந்திருக்க வேண்டும். உப்பு பேசக்கூடிய எல்லைக்கு அது வெகு தூரம்.

இந்த நீர் விதைக்குள் என்னதான் செய்கிறது? பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நீர் நிறைய இருக்கும்போது பாகு ஓடும், வற்ற வற்ற கம்பியாக நீளும், கடைசியில் கண்ணாடிபோல் உடையும். அதே கடலை மிட்டாயை மழைக்காலத்தில் தட்டில் திறந்து வைத்தால் மறுநாள் பிசுபிசுக்கும். காய்ந்த விதையின் செல்களுக்குள்ளும் சர்க்கரைகளும் புரதங்களும் சேர்ந்து ஏறக்குறைய இப்படியொரு கண்ணாடி நிலைக்குப் போகின்றன. அந்த நிலையில் மூலக்கூறுகள் நகர இடமில்லை. நகராதபோது வினைகள் நத்தை வேகத்தில்தான் நடக்கும். ஈரம் ஏறினால் அந்தக் கண்ணாடி இளகும், கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிதையும், செல் சவ்வுகள் ஓட்டையாகும், மரபுப் பொருளில் முறிவுகள் சேரும். நனைந்து முளைக்கும் விதை இவற்றைப் பழுது பார்த்துக்கொள்ளும். பாதி ஈரத்தில் கிடக்கும் விதைக்குச் சேதம் உண்டு, பழுது பார்க்கும் வசதி இல்லை. இதை எண்ணாக்கிச் சொன்னவர் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜேம்ஸ் ஹாரிங்டன். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் ஐந்தரை டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிக்கும் என்பது அவர் வகுத்த தோராய விதி. 5 முதல் 14 சதவீத ஈரம் வரைதான் இது பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 13இலிருந்து 8க்கு ஐந்து படி. இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32. தோராயம் என்பதற்காகப் பாதியைத் தள்ளினாலும் 16 மடங்கு நிற்கிறது. குளிர்சாதன அறை கட்டி வெப்பத்தை 35இலிருந்து 24க்கு இறக்கினால் கிடைப்பது நான்கு மடங்கு. மின்கட்டணம் கட்டி வாங்கும் ஆயுளைவிட வெயிலில் காயவைத்து வாங்கும் ஆயுள் அதிகம், அதைக் கைவிட்டுப் போகாமல் பிடித்து வைப்பதுதான் பையின் வேலை.

நிலக்கடலைக்கு ஏன் 9, 5 என்று இறங்குகிறது என்பதற்கும் இங்கேயே விடை உண்டு. எண்ணெய் தண்ணீரை ஏற்காது. கடலைப் பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய் என்பதால், உள்ளே இருக்கிற நீர் முழுவதும் மீதிப் பாதியில்தான் அடைகிறது. 60 சதவீத ஒப்பு ஈரப்பதத்தில் நெல் பன்னிரண்டரையில் நிற்கும்போது கடலை ஏழில் நிற்கிறது, இரண்டும் அனுபவிக்கும் ஈரம் ஒன்றே. ஆகவே 9 சதவீதக் கடலையைக் கண்டு அது நெல்லைவிடக் காய்ந்தது என்று முடிவு கட்டக் கூடாது. அது கிட்டத்தட்டப் பதினாலு சதவீத நெல்லுக்குச் சமம்.

இனிப் பைகளுக்கு வரலாம். சணல் சாக்கு, துணிப்பை, காகித உறை மூன்றும் நீராவியைத் தடுப்பதில் ஏறக்குறைய ஒரே ஜாதி, பூச்சிக்கும் எலிக்கும் மட்டும் வித்தியாசம் தெரியும். இன்று எங்கும் கிடக்கும் வெள்ளை பிளாஸ்டிக் சாக்கை நீர் புகாத பை என்று நம்புகிறவர்கள் உண்டு. அது பட்டை பட்டையாக நெய்தது, இழைகளுக்கு நடுவே நீராவி சிரமமில்லாமல் போய்வரும். உரம் வந்த சாக்காக இருந்தால் இன்னும் மோசம், மூலைகளில் ஒட்டிக்கிடக்கும் உரத் துகள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலித்தீன் தாள் உண்மையிலேயே நீராவிக்குத் தடை போடும், ஆனால் தடை அதன் தடிமனைப் பொறுத்தது. மளிகைக் கடையின் மெல்லிய பை சில வாரங்களில் தோற்றுவிடும். விதைத் துறையில் நீராவி புகாத பை என்றால் வழக்கமாகச் சொல்வது 700 கேஜ், அதாவது சுமார் 175 மைக்ரான். அலுமினியத் தாள் ஒட்டிய பல அடுக்கு உறை இதையெல்லாம் விஞ்சியது. டெல்லியில் உள்ள தேசிய மரபணு வங்கி விதைகளை 5 முதல் 7 சதவீதம் வரை உலர்த்தி இப்படிப்பட்ட உறையில்தான் ஒட்டி வைக்கிறது. ஆனால் உறை எவ்வளவு உசத்தியானாலும் வாயை ஊசிநூலால் தைத்தால் அது சாக்குக்குத் திரும்பிவிடும். தையல் ஓட்டைகள் அத்தனையும் வாசல்கள். வெப்பத்தால் ஒட்டிய வாய்தான் வாய். கடையில் பிரித்துப் பாதி விற்று ரப்பர் பேண்ட் போட்ட வெங்காய விதைப் பொட்டலமும் அந்த நிமிடத்திலிருந்து காகித உறைதான், மேலே என்ன அச்சடித்திருந்தாலும்.

பாலித்தீனுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. தண்ணீரை நன்றாகத் தடுக்கும் அது ஆக்சிஜனை எளிதில் விட்டுவிடும். நைலான் போன்ற சில பிளாஸ்டிக்குகள் ஆக்சிஜனைத் தடுப்பதில் கெட்டி, நீராவியில் தளர்ந்துவிடும். அதனால்தான் காற்றுப்புகாச் சேமிப்புப் பைகளில் இரண்டையும் அடுக்கடுக்காகச் சேர்த்து ஒரே தாளாக்குகிறார்கள். ஆக்சிஜனைத் தடுப்பதன் பலன் வண்டுப் பிரச்சினையில் பளிச்சென்று தெரிந்தது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்து லாரி மர்டாக்கும் குழுவும் 1980களின் கடைசியில் கேமரூன் நாட்டுத் தட்டைப்பயறு விவசாயிகளுக்காக ஒரு பையை வடிவமைத்தார்கள். உள்ளே 80 மைக்ரான் தடிமனில் இரண்டு பாலித்தீன் பைகள், வெளியே நெய்த சாக்கு. தடித்த இரண்டு அடுக்கைத் தாண்டி ஆக்சிஜன் மெல்லத்தான் நுழையும், அதைவிட வேகமாகப் பயறோடு உள்ளே போன வண்டுகள் மூச்சு விட்டு விட்டே அதைத் தீர்த்துவிடுகின்றன. பிறகு அவை சாவது மூச்சுத் திணறியே என்று நினைக்கத் தோன்றும். மர்டாக் குழு 2012இல் காட்டியது வேறு: தண்ணீர் கிடைக்காத காய்ந்த பயறுக்குள் வண்டு தனக்கு வேண்டிய நீரை உணவை எரித்துத்தான் தயாரித்துக்கொள்கிறது, ஆக்சிஜன் இல்லாமல் எரிக்க முடியாது, ஆகவே அது தாகத்தால் சாகிறது. மருந்து இல்லை, புகை மூட்டம் இல்லை. நம் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் எதிரி இதே குடும்பத்து வண்டுதான் என்பதால் இந்தத் தகவல் கேமரூனோடு நின்றுவிடுவதில்லை.

மூடி ஒட்டிய பையைக் கண்டால் விவசாயிகள் கேட்கும் முதல் கேள்வி: விதை உயிருள்ளது, மூச்சை அடைத்தால் செத்துவிடாதா? கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மாங்கொட்டை, பலாக்கொட்டை, ரப்பர் விதை, கொக்கோ விதை போன்றவை உலர்ந்தாலே சாகும், அவற்றுக்கு ஈரமும் காற்றும் இரண்டும் வேண்டும். அவற்றைப் பாலித்தீனில் இறுக்கி ஒட்டுவது கொலைதான். விதைகளை இப்படி உலர்வதைத் தாங்குகிறவை, தாங்காதவை என்று 1973இல் தெளிவாகப் பிரித்துப் பெயர் வைத்தவர் இங்கிலாந்தின் எரிக் ராபர்ட்ஸ். ஆனால் நெல், பயறு, கடலை, எள், காய்கறி எல்லாம் முதல் வகை. 8 சதவீத நெல்லில் சுவாசம் அளந்து பார்ப்பதற்கே கடினமான அளவு குறைவு. சரி, மூடிய பையில் விதை அழுகிப் புழுங்கிச் செத்ததைப் பார்த்திருக்கிறோமே என்றால், அதுவும் உண்மை. அந்தப் பைகளின் உள்பக்கத்தைக் கவனித்தால் மேல் விளிம்பில் முத்து முத்தாக வியர்த்திருக்கும். பகலில் சூடேறிய விதை விட்ட நீராவி இரவில் குளிர்ந்த பிளாஸ்டிக்கில் படிந்த நீர் அது. அந்த இடத்து விதை நனைந்து பூசணம் பிடிக்கும், பூசணம் மூச்சுவிடும், அந்த மூச்சிலிருந்து வெப்பமும் இன்னும் கொஞ்சம் நீரும் பிறக்கும், பை அதை வெளியே விடாது. சாக்கில் இருந்திருந்தால் அந்த ஈரத்தில் ஒரு பகுதியாவது பறந்திருக்கும். மூச்சடைத்துச் செத்தது என்று சொல்வதைவிட ஈரத்தோடு பூட்டி வைக்கப்பட்டுச் செத்தது என்று சொல்வதே சரி.

நம் பாட்டன் பூட்டன் எந்த அலுமினியத் தாளைக் கண்டார்கள் என்ற கேள்வி இதற்கு அடுத்து வரும். அவர்கள் செய்ததைக் கிட்டே போய்ப் பார்த்தால் அது இந்த வாதத்துக்கு எதிராக இல்லை. நெல்லைச் சீமையில் விதை நெல்லைக் காயவைத்து வைக்கோலைச் சுற்றிப் பிரிபோட்டு உருண்டையாகக் கட்டி, மேலே சாணம் பூசிக் கோட்டை கட்டினார்கள். சாணப் பூச்சு காய்ந்தால் காற்றோட்டத்தைக் குறைக்கும் ஒரு தோல். சுரைக்குடுவை, வாய் மெழுகிய மண் பானை, எல்லாம் அந்த வழியே. சாம்பலில் புரட்டிய விதைக்கு இரண்டு பலன்: காய்ந்த சாம்பல் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், வண்டின் மேல்தோலைச் சிராய்த்து அதன் உடல் நீரைக் கசிய விடும். செம்மண் கட்டிய துவரையிலும் பூச்சிக்கு இடைஞ்சல் உண்டு. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட சோளக் கதிருக்கு வீட்டிலேயே மிக உலர்ந்த இடம் கிடைத்தது, புகை உபரி. இவை அனைத்தும் ஒரு அறுவடையிலிருந்து அடுத்த விதைப்பு வரை, ஆறு எட்டு மாதம் தாண்ட வேண்டும் என்ற கணக்கில் பிறந்த ஏற்பாடுகள், அந்தக் கணக்குக்கு அவை போதும். இரண்டு மூன்று வருடம் வைக்க வேண்டும் என்று வரும்போதுதான் சாணத் தோல் போதாமல் போகிறது.

ஒன்பது மாதம்தானே, அதற்குள் விதைத்துவிடுகிறோமே, பிறகு ஏன் இவ்வளவு பாடு என்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது விதை சாகும் விதத்தைப் பற்றி. விதைக் குவியல் மாதம் இரண்டு சதவீதம் என்று சீராகத் தேய்வதில்லை. நீண்ட காலம் முளைப்பு 90, 88 என்று மேலேயே நிற்கும், பிறகு சில மாதங்களில் மளமளவென்று சரியும். மேலே நிற்கும் காலத்திலும் உள்ளே வீரியம் குறைந்துகொண்டே வருகிறது. பரிசோதனைத் தட்டில் ஈரத் தாளுக்கு நடுவே முளைக்கும் விதை, மேல்மண் இறுகிய வயலில் தலைதூக்க முடியாமல் போவது அதனால்தான். சோதனைச் சீட்டில் 80 சதவீதம் தேறிய இரண்டு நெல் குவியல்களில் ஒன்று சரிவின் விளிம்பில் நிற்கலாம், எண் அதைச் சொல்லாது. இன்னொரு பக்கம், பாரம்பரிய நெல் ரகங்களைக் கையில் வைத்திருக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். நூறு ரகம் வைத்திருப்பவர் நூறையும் வருடா வருடம் விதைத்தே தீர வேண்டும், ஒரு வருடம் விட்டால் சாக்கிலிருக்கும் விதை போய்விடும். நூறு சின்னப் பாத்திகள், நூறு அறுவடை, ஒவ்வொரு களத்திலும் ரகம் கலந்துபோகும் அபாயம். நான்கைந்து வருடம் தாங்கும்படி ஒட்டிய உறையில் வைக்க முடிந்தால் வருடத்துக்கு இருபது இருபத்தைந்து ரகம் விதைத்தால் போதும். பையின் விலையை இந்த உழைப்போடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

அதிகமாகக் காய்ந்த விதை முளைக்காது என்ற நம்பிக்கையிலும் ஒரு சங்கதி மறைந்திருக்கிறது. உளுந்து, சோயா, பீன்ஸ் போன்ற பருப்பு விதைகள் மிகவும் காய்ந்த நிலையில் தண்ணீரில் விழுந்தால் நீர் ஆவேசமாக உள்ளே பாய்ந்து திசுக்களைக் கிழித்துவிடும், பருப்பில் குறுக்கே வெடிப்பு விழும். காய்ந்ததால் செத்தது என்று பழி உலர்த்தலின் மேல் விழுகிறது, குற்றம் நனைத்த வேகத்தில். விதைப்பதற்கு முன் ஓரிரு நாள் உறையைத் திறந்து, ஈரச் சாக்கு போர்த்திய கூடையில் காற்றின் ஈரத்தை மெல்ல வாங்க விட்டால் இந்தச் சேதம் பெரும்பாலும் தவிரும்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாலும் கடைசியில் நிற்பது ஒரு கஷ்டமான கேள்வி: நம் ஊர்க் காற்றில் நெல்லை 8க்கு இறக்க முடியுமா? கடலோர மாவட்டத்தில் தை மாதம் அறுத்த நெல்லை வெயிலில் மட்டும் போட்டால் பன்னிரண்டுக்குக் கீழே இறங்க அடம்பிடிக்கும், இரவில் மூடாமல் விட்டால் பகலில் இழந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். சிமென்ட் களத்தில் உச்சி வெயிலில் பரப்பி அவசரப்பட்டால், ஈரம் இன்னும் உள்ள விதைக்குக் கரு வெந்துவிடும். காலையிலும் மாலைச் சாய்விலும் மெல்லிசாகப் பரப்பி, நடுப்பகலில் குவித்து மூடி, பல நாள் செய்வதே வழி, உள் மாவட்டங்களின் கோடைப் பிற்பகல்களில் இது ஓரளவு நடக்கும். நடக்காத இடத்துக்குச் சிலிக்கா ஜெல் உண்டு, ஜியோலைட் என்னும் கனிம வகை உலர்த்தும் மணிகளும் உண்டு. இந்த மணிகள் தம் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் நீரைப் பிடித்துக்கொள்ளும், அடுப்பில் நன்றாகச் சுட்டால் திரும்பவும் பயன்படும். 10 கிலோ நெல்லை 13இலிருந்து 8க்குக் கொண்டுவர வெளியேற்ற வேண்டிய தண்ணீர் அரை லிட்டருக்குச் சற்று மேல், அதற்கு இந்த மணிகள் இரண்டே முக்கால் கிலோ வேண்டும். இறுக மூடும் பீப்பாயில் மணியையும் நெல்லையும் துணித் தடுப்பு போட்டு அடைத்துவிட்டு, 13 சதவீதத்தில் நிறுத்த 1000 கிராம் நெல்லை ஒரு சின்ன வலைப்பையில் கட்டி அதே பீப்பாய்க்குள் வைக்கலாம். ஈரப்பதமானி இல்லாதவருக்குத் தராசே ஈரப்பதமானி. அந்த வலைப்பை நெல் 946 கிராமுக்கு இறங்கும் நாளில் 700 கேஜ் பையை எடுத்து, நிரப்பி, வாயைச் சூட்டில் ஒட்டலாம்.